காரணம் காட்டச் சொல்லி ஒரு தாள் வந்தால்

கோர்ட்டிலிருந்து 'காரணம் காட்டு' என்று ஒரு நோட்டீஸ் வந்தால் நம் வீடுகளில் அது எங்கே போகும் என்று எனக்குத் தெரியும். சாமி மேடைக்குக் கீழே இருக்கும் டிராயருக்குள் போகும். அண்ணன் ஒருமுறை எடுத்துப் பார்ப்பார், மச்சான் பார்ப்பார், தெரிந்த அரசியல் கட்சிக்காரர் யாராவது பார்ப்பார். "ஒண்ணும் ஆகாது, விடுப்பா" என்று ஆளுக்கொரு தடவை சொல்லிவிட்டுத் திரும்ப வைப்பார்கள். அது ஒரு லாயரின் மேசைக்கு வந்து சேரும்போது விசாரணைக்கு இரண்டு நாள்தான் மிச்சம் இருக்கும். சில சமயம் விசாரணை முடிந்து வாரண்டே கிளம்பியிருக்கும்.

மலேசியாவில், பினாங்கின் ஜார்ஜ்டவுனில், லைட் ஸ்திரீட் கோர்ட்டுக்கு நடந்து போகிற தூரத்தில் உள்ள ஒரு லாயர் ஆபீசில் கிராணியாக, அதாவது குமாஸ்தாவாக, இருக்கிறேன். கோப்புகளைத் தயார் செய்வது, கட்சிக்காரர்களோடு தமிழில் பேசிப் புரியவைப்பது, எதிர்த்தரப்புக்குத் தாள்களைக் கொண்டுபோய்க் கையில் கொடுப்பது எல்லாம் என் வேலை. நான் லாயர் இல்லை. உங்கள் வழக்குக்கு உங்கள் லாயர்தான் பதில் சொல்ல வேண்டும். ஆனால் இந்த ஒரு தாள் விஷயத்தில் நம் ஆட்கள் பயத்தினாலேயே கெட்டுப்போவதைத் திரும்பத் திரும்பப் பார்க்கிறேன். அதனால்தான் எழுதுகிறேன்.

முதலில், தாள் எப்படி வருகிறது என்று சொல்கிறேன். சிவில் வழக்கில் கோர்ட் உங்களுக்கு ஓர் உத்தரவு போடுகிறது. இதைச் செய், அல்லது இதைச் செய்யாதே. அந்த உத்தரவின் நகல் உங்கள் கைக்கு வரும். மீறினால் சிறைக்குப் போக நேரிடும் என்ற எச்சரிக்கை அதிலேயே எழுதப்பட்டிருக்கும். நீங்கள் மீறியதாக எதிர்த்தரப்பு நினைத்தால், 2012ஆம் ஆண்டு நீதிமன்ற விதிகளில் 52ஆம் கட்டளையின் கீழ், இது நீதிமன்ற அவமதிப்பு என்று சொல்லி உங்களைச் சிறையில் அடைக்கக் கோரலாம். அதற்கும் உடனே வழி கிடைக்காது. நீங்கள் என்ன செய்தீர்கள் என்பதை அவர்கள் எழுத்தில் கொடுத்து, சத்தியப் பிரமாணம் செய்து, கோர்ட்டின் அனுமதியை முதலில் வாங்க வேண்டும். உங்களைச் சிறையில் அடைக்கவோ அபராதம் விதிக்கவோ கூடாது என்பதற்குக் காரணம் காட்டும்படி நோட்டீஸும் உங்கள் கைக்கே வர வேண்டும். அதன் தலைப்பு மலாயில் 'நோத்திஸ் துஞ்ஜுக் செபாப்' என்று இருக்கும்.

உங்கள் குற்றத்தை அவர்கள்தான் நிரூபிக்க வேண்டும். கொலை வழக்கில் எப்படிச் சந்தேகத்துக்கு இடமில்லாமல் நிரூபிக்க வேண்டுமோ, இதிலும் அதே அளவுகோல்தான். ஒரு மனிதரின் சுதந்திரம் போகிற விஷயம் என்பதால் சட்டம் இவ்வளவு படிகளை வைத்திருக்கிறது. ஒவ்வொரு படியிலும் உங்களுக்குப் பேச இடம் இருக்கிறது. அங்கெல்லாம் பேசாமல் இருந்துவிட்டு, கடைசியில் போலீஸ் வீட்டுக்கு வரும்போது பேச ஆரம்பிப்பதுதான் என்னை வருத்துகிறது.

தாளை வாங்காமல் இருந்தால் தப்பித்துவிடலாம் என்று ஒரு நம்பிக்கை நம்மிடையே பலமாக இருக்கிறது. பட்டர்வொர்த்தில் ஒரு ஃபிளாட்டுக்குப் போனேன். இரும்புக் கிரில்லுக்குப் பின்னால் அம்மா நின்றார். "அவன் இல்லப்பா, வெளியூர் போய்ட்டான்" என்றார். உள்ளே டிவி ஓடியது, ஆண் குரல் ஒன்று இருமியது. அந்த அம்மாவைப் பொய் சொல்ல வைத்துவிட்டானே என்றுதான் எனக்குத் தோன்றியது. பிறகு பிறை என்ற ஊரில் அந்த மகன் வேலை செய்யும் தொழிற்சாலையின் கேட்டில், ஷிப்ட் முடியும் நேரத்தில் காத்திருந்து பார்த்தேன். ஆள் நடுங்கிப்போனார்.

"அண்ணே, இப்பவே பிடிச்சு உள்ள போட்டுடுவாங்களா?"

"இல்ல தம்பி. இது உங்கிட்ட கேள்வி கேக்குற தாள். பதில் சொல்லு. நாளைக்கே ஒரு லாயரைப் பாரு."

நான் எதிர்த்தரப்பின் ஆள். அதற்கு மேல் அவருக்கு நான் யோசனை சொல்லக் கூடாது. ஆனால் அவ்வளவாவது சொல்லாமல் என்னால் வர முடியவில்லை. கையில் வாங்க மறுத்தாலும், இன்ன தாள் என்று சொல்லி அருகில் வைத்துவிட்டு வந்தால் அது கொடுத்ததாகவே ஆகும். ஆளே அகப்படாவிட்டால் கோர்ட்டிடம் கேட்டு வீட்டுக் கதவில் ஒட்டலாம், நாளிதழில் விளம்பரம் போடலாம். அப்புறம் "எனக்குத் தெரியாது" என்று சொல்வது எடுபடாது. ஒளிந்ததும் உங்கள் கணக்கில்தான் சேரும்.

நீதிமன்ற அவமதிப்பு என்றதும் யாரோ நீதிபதியைத் திட்டிவிட்டார் என்றுதான் பலர் நினைக்கிறார்கள். எங்கள் ஆபீசுக்கு வருவதில் பெரும்பாலானவை அப்படிப்பட்டவை கிடையாது. பிள்ளையை ஞாயிறு மாலை ஆறு மணிக்குத் திருப்பி விடச் சொல்லி உத்தரவு இருக்கும், விடமாட்டார்கள். வீட்டை விற்கக் கூடாது என்று தடை இருக்கும், விற்றுவிடுவார்கள். அண்ணன் தம்பி சொத்து வழக்கில் கணக்கைக் காட்டச் சொல்லியிருக்கும், காட்டமாட்டார்கள். இவற்றில் அவமதிக்கப்படுவது நீதிபதி மட்டும் இல்லை. உத்தரவைக் கையில் வைத்துக்கொண்டு வாசலில் நிற்கிறாளே ஒரு தாய், அவள்தான் முதலில் அவமதிக்கப்படுகிறாள்.

அப்படி ஒரு வழக்கை விரிவாகவே சொல்கிறேன். ஆட்களை அடையாளம் தெரியாதபடி சில விவரங்களை மாற்றியிருக்கிறேன். பாயான் லெப்பாஸில் எலக்ட்ரானிக்ஸ் தொழிற்சாலையில் வேலை பார்க்கும் ஒரு பெண். விவாகரத்தில் மகனின் பொறுப்பு அவருக்குக் கிடைத்தது. பள்ளி விடுமுறையில் பாதி அப்பாவிடம் இருக்கலாம் என்று இருவரும் ஒத்துக்கொண்டு போட்ட உத்தரவு. ஒரு விடுமுறை முடிந்தது, பையன் வரவில்லை. பள்ளிக்கூடம் திறந்தது, அப்போதும் வரவில்லை. அப்பா அவனைத் தன் ஊரிலேயே வேறு பள்ளியில் சேர்க்க ஏற்பாடு செய்துகொண்டிருந்தார். போலீஸில் சொன்னால் "இது குடும்ப விஷயம், கோர்ட்டுக்குப் போங்க" என்றார்கள். கோர்ட்டுக்குப் போய் வாங்கிய தாள்தான் அவர் கையில் இருந்தது.

அந்தப் பெண் எங்கள் ஆபீஸ் நாற்காலியில் உட்கார்ந்து கேட்டது எனக்கு மறக்கவில்லை. "அண்ணே, நான் ஜெயிச்சுட்டேன்னு லாயர் அம்மா சொன்னாங்க. ஜெயிச்சா பிள்ளை வீட்ல இருக்கணும்ல?"

நோட்டீஸ் போனது. அவருடைய முன்னாள் கணவர் ஒரு லாயரை வைத்துப் பதில் கொடுத்தார். "பையனுக்குத்தான் போக விருப்பமில்லை" என்பதுதான் பதிலின் சாரம். இந்தப் பதிலை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். சில வீடுகளில் அது உண்மையாகவும் இருக்கும். ஆனால் கோர்ட் அடுத்துக் கேட்கும் கேள்விகள் கடினமானவை. அவனை அனுப்ப நீங்கள் என்ன முயற்சி எடுத்தீர்கள்? உத்தரவு பொருந்தவில்லை என்றால் அதை மாற்றச் சொல்லி ஏன் மனு போடவில்லை? நீங்களே ஒத்துக்கொண்டு கையெழுத்துப் போட்ட உத்தரவுதானே? இருவரும் சம்மதித்து வாங்கிய உத்தரவு வெறும் ஒப்பந்தம் என்று நினைப்பவர்கள் அதிகம். அதுவும் கோர்ட் உத்தரவுதான், மீறினால் சிறை வரை போகும்.

அவர் தந்த முதல் மன்னிப்பு எடுபடவில்லை. மன்னிப்புக் கேட்கிறேன் என்று ஒரு வரி, அதற்குப் பிறகு முன்னாள் மனைவியைப் பற்றி இரண்டு பக்கம். மன்னிப்பு என்றால் நிபந்தனை இல்லாமல், சாக்கு இல்லாமல், கூடிய சீக்கிரம் வர வேண்டும். அதோடு மீறியதைச் சரிசெய்தும் காட்ட வேண்டும். பையனைத் தன்னிடம் வைத்துக்கொண்டே கேட்கும் மன்னிப்புக்கு என்ன மதிப்பு? அடுத்த தேதிக்கு முன்னால் பையனை லாயர் ஆபீசில் கொண்டுவந்து விட்டார், புதிதாக ஒரு அஃபிடவிட் (சத்தியம் செய்த வாக்குமூலம்) கொடுத்தார், அதில் 'ஆனால்' இல்லை. நீதிபதி அவரைக் கடுமையாக எச்சரித்து, செலவுத் தொகையைக் கட்டச் சொல்லி, சிறைக்கு அனுப்பாமல் விட்டார். தண்டிப்பது மட்டுமே இந்த அதிகாரத்தின் நோக்கமாக இருந்தால் அது தோல்வி. உத்தரவை நடக்க வைப்பதுதான் நோக்கம் என்றால் அன்று அது நிறைவேறியது. என் மனதுக்கு இரண்டாவதுதான் பெரியது.

முடியாமல் போவது வேறு, மனமில்லாமல் போவது வேறு. ஜீவனாம்சம் கட்ட வேண்டியவருக்கு ஓவர்டைம் நின்றுபோகலாம், வேலையே போகலாம். அப்போது செய்ய வேண்டியது மாதத்தைத் தள்ளிக்கொண்டே போவது இல்லை. 1976ஆம் ஆண்டு திருமண, விவாகரத்துச் சட்டத்தின் கீழ் தொகையை மாற்றச் சொல்லி மனு போடலாம். சம்பளச் சீட்டு, வங்கிக் கணக்கு, சேமநிதி அறிக்கை எல்லாவற்றையும் வைத்துக் கேட்கலாம். பாக்கி சேர்ந்த பிறகு, நோட்டீஸும் வந்த பிறகு அதே சம்பளச் சீட்டைக் காட்டினால், முன்பே ஏன் வரவில்லை என்ற கேள்வி முன்னால் வந்து நிற்கும். மறுபக்கத்தில் பிள்ளைகளின் பள்ளிச் செலவை அந்தத் தாய் யாரிடமோ கடன் வாங்கிச் சமாளித்திருப்பார்.

உத்தரவே தப்பு என்று தோன்றினால்? மேல்முறையீடு செய்யலாம், நிறுத்தி வைக்கச் சொல்லிக் கேட்கலாம், ரத்து செய்யச் சொல்லலாம். ஆனால் அது ரத்தாகும் வரை அதற்குக் கீழ்ப்படிந்தே ஆக வேண்டும். தவறான உத்தரவு என்று பிறகு நிரூபணமானாலும், இடையில் மீறியது மீறியதுதான். இதை ஏற்றுக்கொள்வது கஷ்டம் என்று எனக்குத் தெரியும். ஆனால் ஆளாளுக்குத் தனக்குச் சரியென்று பட்ட உத்தரவுக்கு மட்டும் கீழ்ப்படியலாம் என்று விட்டால் பணமும் பலமும் உள்ளவன் எதற்குமே கீழ்ப்படியமாட்டான். அதில் முதலில் நசுங்குவது நம்மைப் போன்றவர்கள்தான்.

கடனைப் பற்றி ஒரு வார்த்தை. வங்கிக்கோ கடைக்காரருக்கோ பணம் கட்டும்படி தீர்ப்பாகி, கட்ட முடியாமல் போனால் அதற்காகவே அவமதிப்பு என்று உடனே சிறைக்கு அனுப்பமாட்டார்கள். 1957ஆம் ஆண்டு கடனாளிகள் சட்டத்தின்படி உங்களை வரவழைத்து வருமானத்தை விசாரித்து, தவணை போடுவார்கள். கூப்பிட்டும் போகாவிட்டால் வாரண்ட் வரலாம். போட்ட தவணையைக் கட்டாவிட்டால் அங்கேயும் ஒரு காரணம் காட்டும் நோட்டீஸ் வரும். போய் நில்லுங்கள், கணக்கைக் காட்டுங்கள், முடிந்ததைச் சொல்லுங்கள்.

தொழிற்சாலையில் கொடுக்கிறார்களே ஷோ காஸ் லெட்டர் என்ற காரணம் காட்டும் கடிதம், அது வேறு. அது முதலாளி கொடுப்பது. அதற்கும் குறித்த நாளுக்குள் எழுத்தில் பதில் கொடுக்க வேண்டும். அதன் முடிவில் அநியாயமாக வேலையை விட்டு நீக்கிவிட்டால் 60 நாளுக்குள் தொழிலியல் உறவுத் துறையில் முறையிட வேண்டும். ஒரு நாள் தாண்டினாலும் கதவு மூடிவிடும்.

இனி எனக்கு மனம் ஒப்பாத பக்கத்துக்கு வருகிறேன். இந்த அதிகாரம் வார்த்தைகள் மீதும் பாயும்.

பினாங்கில்தான் இந்த நாட்டின் ஆங்கிலேய நீதிமுறை ஆரம்பித்தது. 1807ஆம் ஆண்டின் அரச சாசனம் இந்தத் தீவுக்கு ஒரு நீதிமன்றத்தைத் தந்தது. அந்த மரபோடு வந்ததுதான் நீதிமன்றத்தை இழிவுபடுத்திப் பேசினால் தண்டிக்கும் அதிகாரமும். இன்று கூட்டரசு அரசியலமைப்புச் சட்டத்தின் 126ஆம் பிரிவு, உயர் நீதிமன்றம் முதல் நாட்டின் மிக உயர்ந்த நீதிமன்றமான கூட்டரசு நீதிமன்றம் வரை தன்னை அவமதிப்பவர்களைத் தண்டிக்கும் அதிகாரத்தைத் தருகிறது. எவ்வளவு தண்டனை என்பதற்கு உச்சவரம்பு எதையும் அது சொல்லவில்லை. இந்தியாவில் 1971ஆம் ஆண்டுச் சட்டம் ஆறு மாதச் சிறை, 2,000 ரூபாய் அபராதம் என்று எல்லை போட்டிருக்கிறது. இங்கிலாந்தில் 1981ஆம் ஆண்டுச் சட்டப்படி இரண்டு ஆண்டுதான் உச்சம். நீதிமன்றத்தை இழிவுபடுத்திப் பேசுவது என்ற குற்றத்தையே அவர்கள் 2013இல் எடுத்துவிட்டார்கள். எந்த நாட்டிலிருந்து நமக்கு இது வந்ததோ அந்த நாடே கைவிட்டதை நாம் இன்னும் எல்லை இல்லாமல் வைத்திருக்கிறோம்.

1998 நவம்பரில், அப்போது துணைப் பிரதமர் பதவியிலிருந்து நீக்கப்பட்டிருந்த அன்வார் இப்ராஹிமின் வழக்கில் அவருக்காக வாதாடிய வழக்கறிஞர்களில் ஒருவரான ஜைனூர் ஜக்காரியா, இரண்டு அரசு வழக்கறிஞர்களை அந்த வழக்கிலிருந்து விலக்கக் கோரி மனு போட்டார். அந்த மனுவே அவமதிப்பு என்று சொல்லி அவருக்கு மூன்று மாதச் சிறை விதித்தார்கள். 2001இல்தான் கூட்டரசு நீதிமன்றம் அதை ரத்து செய்தது. தன் கட்சிக்காரர் சொன்னதை மனுவாகப் போட்ட லாயருக்கே இந்த நிலைமை. முர்ரே ஹீபர்ட் என்ற கனடியப் பத்திரிகையாளர், பள்ளி விவாதக் குழு சம்பந்தமான ஒரு வழக்கைப் பற்றி எழுதியதற்காக 1999இல் சிறைக்குப் போனார்.

2021 பிப்ரவரியில் வந்தது மலேசியாகினி என்ற இணையச் செய்தித் தளத்தின் மீதான கூட்டரசு நீதிமன்றத் தீர்ப்பு. செய்திக்கு வாசகர்கள் எழுதிய கருத்துகளுக்காக அந்த நிறுவனத்துக்கு 5 லட்சம் ரிங்கிட் அபராதம். சட்டத்துறைத் தலைவர் தரப்பு கேட்டதே 2 லட்சம்தான். போலீஸ் சொன்ன உடனே அந்தக் கருத்துகளை அவர்கள் நீக்கியும் இருந்தார்கள். ஏழு நீதிபதிகளில் ஆறு பேர் ஒருபக்கம். நளினி பத்மநாதன் ஒருவர்தான் மாறுபட்டார். அந்தக் கருத்துகள் அங்கே இருப்பதே தெரியாத ஒருவர் அவற்றைப் பிரசுரிக்க நினைத்ததாக எப்படிச் சொல்வது என்பது அவருடைய எழுத்தின் மையம். அன்றே மக்கள் சில மணி நேரத்தில் அந்தப் பணத்தைத் திரட்டிக் கொடுத்தார்கள். எங்கள் ஆபீசிலும் ஆளுக்குக் கொஞ்சம் போட்டோம்.

நீதிமன்றத்துக்கு மரியாதை வேண்டும் என்பதில் எனக்கு ஒரு துளி சந்தேகமும் இல்லை. சாட்சியை மிரட்டுபவனையும், விசாரணை நடக்கும் வழக்கைக் கெடுப்பவனையும் கடுமையாகத் தண்டிக்கட்டும். ஆனால் தீர்ப்பைக் குறை சொல்பவரைத் தண்டிப்பதால் அந்த மரியாதை வளராது. உத்தரவு நடக்கும் என்று மக்கள் நம்பும்போதுதான் அது வளரும்.

இதைச் சொல்லும்போது இந்திரா காந்தியை நினைக்காமல் இருக்க முடியாது. ஈப்போவைச் சேர்ந்த பாலர்பள்ளி ஆசிரியை. 2009இல் கணவர் மதம் மாறினார், மூன்று பிள்ளைகளையும் தாய்க்குத் தெரியாமல் மதம் மாற்றினார், பதினொரு மாதக் கைக்குழந்தையைத் தூக்கிக்கொண்டு போனார். 2010இல் ஈப்போ உயர் நீதிமன்றம் பிள்ளைகளைத் தாயிடம் ஒப்படைத்தது. குழந்தை வரவில்லை. 2014இல் அந்த ஆள் நீதிமன்றத்தை அவமதித்தார் என்று முடிவானது. 2016 ஏப்ரலில் கூட்டரசு நீதிமன்றமே அவரைப் பிடிக்கும் வாரண்டை நிறைவேற்றும்படி தேசிய போலீஸ் படைத் தலைவருக்கு உத்தரவிட்டது. 2018 ஜனவரியில் பிள்ளைகளின் மதமாற்றமும் செல்லாது என்று தீர்ப்பானது. ஒரு தாய் சட்டத்தில் வாங்கக்கூடிய எல்லாத் தாள்களையும் வாங்கிவிட்டார். அதற்குப் பிறகும் ஆண்டுக்கணக்காக அந்தக் குழந்தை அவர் வீட்டுக்கு வரவில்லை.

வாசகர் எழுதிய சில வரிகளுக்கு 5 லட்சம் ரிங்கிட் வரை பாயும் அதிகாரம், ஒரு கைக்குழந்தையைத் தாயிடம் கொண்டுவந்து சேர்க்கவில்லை. பாயான் லெப்பாஸ் பெண் என்னிடம் கேட்ட கேள்விக்கு இந்திரா காந்தியின் வழக்கை வைத்து யாராலும் நேராகப் பதில் சொல்ல முடியாது. அவமதிப்புக்கு என்று தனிச் சட்டம் வேண்டும் என்று வழக்கறிஞர் மன்றம் 1999லேயே வரைவு தயாரித்தது. அதை நாடாளுமன்றம் எடுத்துப் பேச வேண்டும். எவையெல்லாம் குற்றம், தண்டனைக்கு எல்லை என்ன, வாரண்டை நிறைவேற்றாமல் காலம் கடத்தும் அதிகாரி யாருக்குப் பதில் சொல்ல வேண்டும், மூன்றையும் எழுதி வைக்க வேண்டும். நம் தமிழ் எம்பிக்கள், கோயில் திறப்பு விழாவில் காட்டும் அக்கறையை இதிலும் காட்டும்படி நாம்தான் போய்க் கேட்க வேண்டும்.

அதுவரை, டிராயரில் தாள் வைத்திருப்பவர்களுக்குச் சில விஷயங்கள். தாளை எடுங்கள். விசாரணைத் தேதி, எந்தக் கோர்ட், எந்த மாடி என்று பாருங்கள். மலாய் புரியாவிட்டால் பிள்ளைகளிடம் வாசித்துக் காட்டச் சொல்லுங்கள். எது மீறப்பட்டது என்கிறார்களோ அந்த மூல உத்தரவையும் தேடி எடுங்கள், வாட்ஸ்ஆப் செய்திகளை அழிக்காதீர்கள். லாயருக்குப் பணம் இல்லையென்றால் அரசின் சட்ட உதவித் துறை குடும்ப வழக்குகளை எடுக்கிறது. வருமானத்தைப் பார்த்து முடிவு செய்வார்கள். வழக்கறிஞர் மன்றத்தின் சட்ட உதவி மையம் பினாங்கிலும் உண்டு. அஃபிடவிட்டில் கையெழுத்துப் போடும் முன் அதைத் தமிழில் வாசித்து விளக்கச் சொல்லிக் கேளுங்கள், அது உங்கள் உரிமை. கோர்ட்டிலும் தமிழ் மொழிபெயர்ப்பாளர் கேட்கலாம். அன்று காலை எட்டரை மணிக்கே போய்விடுங்கள். பெயர் கூப்பிடும்போது ஆள் அங்கே இருக்க வேண்டும்.